மூன்றாம் முகாமின் அடுப்புக் கற்கள்

“இடத்தைச் சொல்ல முடியாது,” என்றார் தயாபரன். “இடந்தான் என்னோட வியாபாரமே.”

எல்ல நகரின் கடைத்தெருவில் ஒரு மாடி அறைதான் அவருடைய அலுவலகம். சுவரில் மூன்று பெரிய படங்கள் தொங்கின. மூன்றிலும் கூடாரம், மூன்றிலும் மலை, மூன்றிலும் ஒரே இளைஞன் கையில் சிலேட்டோடு. சிலேட்டில் அந்த இடத்தின் பெயரும் அவன் போட்ட புள்ளியும். சன்ரைஸ் டெக், எட்டு. ஃபோல்ஸ் கேட், எட்டரை. கிளவுட் பால்கனி, பத்து.

சீசனில் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்காகத் தயாபரனின் கம்பனி தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் வழி சொல்வார்கள். மற்றவர்களுக்குப் படமும் ஆங்கிலப் பெயரும் போதும்.

“நான் இடத்தக் கேக்கல,” என்றாள் ஜீவராணி. “ஆளக் கேக்கிறேன். ரஜீவ் எங்க?”

“லீவுல.”

“எங்க போயிருக்கான்?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன அவனுக்குத் தாயா?”

“தாயா இருந்தா சாப்பிட்டானான்னாவது கேட்டிருப்பீங்க,” என்றான் வாசலில் சாய்ந்து நின்ற முன்ஸிப்.

செருப்போடு உள்ளே வந்த சேற்றைப் பார்ப்பதுபோலத் தயாபரன் அவனைப் பார்த்தார்.

ஜீவராணி துப்பறிகிறவள். பதுளையில் புடவைக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அவளுடைய உதவியாளன் முன்ஸிப்புக்குச் சொந்தமாக ஒரு த்ரீவீலர் இருந்தது. யாரும் கேட்காமலே வேலை செய்யும் ஒரு வாயும் இருந்தது.

காணாமல் போனவனின் அக்கா ஜெயலெட்சுமி கீழே அந்த த்ரீவீலரில் உட்கார்ந்திருந்தாள். பண்டாரவளையில் பாலர் பாடசாலை ஆசிரியை. தம்பி போன புதன்கிழமை முகாம் இடம் பார்க்கப் போனவன். இன்று வியாழன். எட்டு நாள் ஆகிவிட்டது. போன் செத்துக் கிடந்தது. பொலிஸுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை கம்பனியின் பேஸ்புக்கில் வந்த மூன்றாவது படத்தைக் காட்டி, சிரித்துக்கொண்டிருக்கிறவனை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“புதன்கிழமைக்குப் பிறகு நீங்க அவனப் பாக்கவே இல்லையா?”

“இல்ல. படத்த போன்ல அனுப்பினான். அதோட சரி.”

ஜீவராணி எழுந்து மூன்றாவது படத்தின் முன்னால் போய் நின்றாள். முதல் இரண்டு படங்களில் ரஜீவ் முகம் மழித்து நின்றுகொண்டிருந்தான். இதில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரத் தாடி. கூடாரத்தின் நிழல் கூடாரத்துக்கு அடியிலேயே சுருங்கிக் கிடந்தது; உச்சி வெயில். ஆனால் அவன் இடுப்பிலிருந்து பாதம் வரை கம்பளி மூடியிருந்தது.

அவனுக்கு முன்னால் மூன்று கற்கள். மேலே ஒரு தேநீர்க் கேத்தல், பின்னாலிருந்து புகை. நடுக்கல்லில் மஞ்சளாக ஒரு பூச்சு.

அந்த மஞ்சளின் மேல் அவள் கண் நின்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“அடுப்பு அழகா இருக்கு. யாரோட யோசனை?”

தயாபரனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. “அவனோடதுதான். ‘இந்தக் கல்லுகிட்ட உக்காந்தா நல்லா இருக்கும் சார், எடுங்க’ன்னான். வெளிநாட்டுக்காரனுக்கு இந்த மாதிரி இயற்கையா இருந்தாத்தான் பிடிக்கும். அந்த ஒரு படத்துக்கே சனிக்கிழமைக்கு ஒரு கூட்டம் வருது.”

“நல்லது,” என்றாள் ஜீவராணி. “வர்றோம்.”

“வராதீங்க. இன்னொரு தடவ இந்தப் படியேறினா பொலிஸக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க சார்,” என்றான் முன்ஸிப். “நாங்க கூப்பிட்டு வரல. நீங்க கூப்பிட்டாவது வரட்டும்.”

கீழே இறங்கும்போதே கேட்டான். “என்ன மிஸ், பேசாம வந்துட்டீங்க?”

“போன்ல படம் வந்துச்சுன்னாரு. அப்புறம், ‘எடுங்க’ன்னு சொன்னான்கிறாரு. எடுத்தது அவர்தான். செவ்வாய்க்கிழமை அவன்கூட இருந்திருக்காரு.”

“அப்ப ஆளு உயிரோட இருக்கான்.”

“செவ்வாய்க்கிழமை இருந்தான்.”

ஜெயலெட்சுமி அவர்களைக் கண்டதும் த்ரீவீலரிலிருந்து இறங்கினாள். ஜீவராணி தன் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவள் முன் நீட்டினாள்.

“இந்தக் கல்லப் பாத்தியா?”

ஜெயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். “மொத நாளே பாத்தேன் மிஸ். வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல.”

“கல்லுக்கு எதுக்கு வெக்கம்?” என்றான் முன்ஸிப்.

“அது அடுப்பு இல்ல,” என்றாள் ஜீவராணி. “கவ்வாத்துசாமி.”

நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. கத்தி வழுக்கினால் செடிக்குப் பதில் விரல் போகும். அதனால் கவ்வாத்து தொடங்குகிற அன்று அந்த மலையிலேயே மூன்று கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கத்திகளை வரிசையாக வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் செடியைத் தொடுவார்கள். ஜீவராணி பசறைப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அவளுடைய அப்பா கவ்வாத்துக்காரர். இடது கையில் மூன்று விரல்தான் இருந்தது. ஒரு வருஷம் கும்பிடாமல் கத்தி எடுத்ததால் வந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவராணி அதை நம்பியதில்லை. ஆனாலும் அந்தக் கல்லின் மேல் கேத்தலைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஒந்தம்பி லயத்துல பொறந்தவன்தானே? தெரிஞ்சேதான் வச்சிருக்கான்.”

“அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல மிஸ்.”

“எல்லா அக்காவும் இதத்தான் சொல்லுவாங்க. அந்த ஆளோட சேந்து அவனும் ஒளிஞ்சு வெளையாடுறான்னு வச்சுக்க. கண்டுபிடிச்சு ஒன் முன்னால நிறுத்துறேன். நீயே கேட்டுக்க.”

ஜெயலெட்சுமி அவளை நேராகப் பார்த்தாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகள் பயப்படுகிற பார்வை அதுவாகத்தான் இருக்கும். “கேக்கிறேன். மொதல்ல கண்டுபிடிங்க.”

முன்ஸிப் தொண்டையைக் கனைத்தான். “சண்டை முடிஞ்சா இதப் பாருங்க. படத்துக்குப் பின்னால கீழ சமவெளி தெரியுது. எல்லயில நின்னா ரெண்டு பக்கமும் மலை மறிக்கும். இதுல ஒண்ணும் மறிக்கல. தூரத்துல வளைஞ்ச மாதிரி ஒரு குளம். வெல்லவாயக்கு ஹயர் போறப்பல்லாம் நான் பாக்கிறது. இது பெரகலைக்கு மேல.”

“நிச்சயமா?”

“பொண்டாட்டி மூஞ்சி மறந்தாலும் ரோடு மறக்காது மிஸ்.”

ஹப்புத்தளையைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது ஒரு வெள்ளை ஜீப் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவர்களை முந்தியது. ஓட்டியவர் தயாபரன். பக்கத்தில் யாரும் இல்லை.

“விடாத, போ!” என்றாள் ஜெயலெட்சுமி.

“டீச்சர், அதுக்கு நாலு சக்கரம். நமக்கு மூணு. அந்த ஒண்ணுதான் வித்தியாசம்.”

இரண்டு வளைவுக்குள் ஜீப் மறைந்துவிட்டது. பெரகலைச் சந்தியில் எந்தப் பாதையில் போனதென்று தெரியவில்லை. மேலே ஏறுகிற தோட்டத்துப் பாதைகள் மட்டும் நாலைந்து இருந்தன.

சந்தியில் ஸலீம் என்பவரின் இரும்புக்கடை திறந்திருந்தது. முன்ஸிப் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் தகரத்தை நகர்த்தி வாசலை அடைக்கத் தொடங்கினார்.

“கேம்பிங் கூட்டமா? சாமான் ஒண்ணும் இல்ல. போங்க.”

“நாங்க கேம்பிங் இல்ல நானா.”

“இந்த ரோட்டுல வர்ற புது மூஞ்சி எல்லாம் கேம்பிங்தான். காலையில இருந்து மேல தோட்டத்துல ஒருத்தனத் தேடிட்டு இருக்காங்க. கிடைச்சா தோலை உரிப்பாங்க. எனக்கெதுக்கு வம்பு?”

எந்தத் தோட்டம் என்று கேட்டால் சொல்ல மாட்டார் என்பது அவர் தகரத்தைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஜீவராணி சற்று யோசித்தாள்.

“சாணைக்கல் இருக்கா?”

ஸலீம் நின்றார். வியாபாரம் என்றால் வேறு. “இல்லையே. மூணு வாரத்துக்கு முந்தி ஊசிமலைத் தோட்டத்துக் கங்காணி வந்து இருந்ததெல்லாம் பெட்டியோட அள்ளிட்டுப் போயிட்டாரு. கவ்வாத்து தொடங்குறாங்களாம்.”

“மத்தத் தோட்டத்துக்காரங்க வாங்கலையா?”

“மத்த இடத்துல ஆள் எங்க இருக்கு? இந்த வருஷம் இந்தப் பக்கம் ஊசிமலையில மட்டுந்தான் கவ்வாத்து.”

“அப்ப பிறகு வர்றோம் நானா.”

த்ரீவீலர் கிளம்பியதும் முன்ஸிப் சொன்னான், “ஒரு சாணைக்கல்லும் வாங்காம ஒரு தோட்டத்தையே வாங்கிட்டீங்க மிஸ்.”

ஊசிமலைத் தோட்டத்தின் பன்னிரண்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. இருபது ஆண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டினார்கள். பெண்கள் சிலர் வெட்டி விழுந்த குச்சிகளை விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிலாறு என்பார்கள் அதை. த்ரீவீலரைக் கண்டதும் கத்திகள் நின்றன.

முன்னால் வந்தவர் கங்காணி அழகர். ஐம்பது வயது. கையிலிருந்த வளைந்த கத்தியைக் கீழே போடாமலே வந்தார்.

“யாரு நீங்க? தோட்டத்துத் துரைகிட்டக் கேட்டீங்களா?”

ஜீவராணி போனை நீட்டினாள். “இந்தப் பையனத் தேடி வந்தோம்.”

அவர் பார்த்தார். கத்தி பிடித்த கை இறுகியது. “இவனத்தான் நாங்களும் தேடுறோம். ராத்திரி எங்க பையன் ஒருத்தன் போன்ல காட்டுனான். காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டுக் கலைஞ்சதும் பதினொண்ணாம் நம்பருக்கு ஓடுனோம். சாம்பல்தான் கெடந்துச்சு. இந்தா பாரும்மா, அவன் எங்க இருந்தாலும் எங்க கையிலதான் மொதல்ல மாட்டணும். நீ அவனுக்கு யாரு?”

“நான்தான் அவன் அக்கா,” என்று பின்னாலிருந்து இறங்கினாள் ஜெயலெட்சுமி.

விறகுக்கட்டைத் தலையில் வைத்திருந்த ஒரு பெண் அதைத் தொப்பென்று கீழே போட்டாள். ராசம்மா என்று பிறகு தெரிந்தது.

“அக்காவா? வா, வந்து பாரு ஒந்தம்பி செஞ்ச வேலைய! என் புருசன் அந்தச் சாமியக் கும்பிட்டுட்டுத்தான் கத்தி எடுக்குறாரு. நாளைக்கு அவருக்குக் கை போனா ஒந்தம்பி கைய வெட்டித் தருவியா?”

“அக்கா, கொஞ்சம் பொறுங்க…”

“யாருக்கு யாரு அக்கா? பொம்பளைப் புள்ளைன்னு பாக்கிறேன்.”

“இந்தக் கத்தியக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்க ஐயா,” என்றான் முன்ஸிப். “நான் சேவிங் காலையிலேயே பண்ணிட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் த்ரீவீலரின் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டான்.

“நாங்க அந்த எடத்தப் பாக்கணும்,” என்றாள் ஜீவராணி. “எங்க அப்பாவும் கவ்வாத்துக்காரர்தான். பசறையில. பாத்துட்டு, அவன் செஞ்சது தப்புன்னா நானே பிடிச்சுத் தர்றேன்.”

அழகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நட,” என்றார். மற்றவர்களும் கத்தியோடு பின்னால் வந்தார்கள்.

பதினொன்றாம் நம்பர் மலை ஒரு திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வெட்டி முடித்த மலை. இனி இரண்டு மூன்று மாதத்துக்கு அங்கே கொழுந்து இல்லை, ஆகவே ஆளும் இல்லை. மொட்டைச் செடிகளுக்கு இடையில் காய்ந்த மிலாறு முழங்கால் வரை கிடந்தது. மலையின் விளிம்பில் ஒரு தட்டையான இடம். நின்றால் சமவெளி முழுவதும் காலடியில். பத்துக்குப் பத்து கொடுக்கலாம்தான்.

மூன்று கற்களும் அங்கே இருந்தன. ஈர மஞ்சள் வழிந்திருந்தது.

“மஞ்சத்தண்ணி ஊத்திச் சுத்தம் பண்ணிட்டோம்,” என்றாள் ராசம்மா. “வேற என்னத்தச் செய்ய?”

ஜீவராணி மண்டியிட்டாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலால் கல்லின் உட்பக்கத்தைத் தடவினாள். விரலைப் பார்த்தாள். மூன்று கல்லையும் தடவினாள்.

“தேய்ச்சுக் கழுவுனீங்களா?”

“சாமியத் தேய்ப்பாங்களா? ஊத்துனோம்.”

“அப்ப கரி எங்க?”

ராசம்மாவும் குனிந்து கல்லின் உட்பக்கத்தைப் பார்த்தாள்.

“ஒங்க வீட்டு அடுப்புக்கல்லு ஒரு நாள் எரிஞ்சாலே கறுத்துப்போகுதில்ல? தேய்க்காம போகுமா? இதுல கறுப்பே இல்ல. சாம்பலப் பாருங்க.”

சாம்பல் கற்களுக்கு நடுவில் இல்லை. ஒரு முழம் பின்னால் தள்ளி இருந்தது. முன்னாலிருந்து படம் எடுத்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

“கல்லுக்கு அடியில நெருப்பே இல்ல,” என்றாள் ஜீவராணி. “கேத்தலும் கல்லுக்குப் பின்னால இருந்திருக்கு. படத்துல மேல இருக்கிற மாதிரித் தெரியுது. சாமி மேல எதையும் வைக்காம, வச்ச மாதிரிக் காட்டியிருக்கான்.”

“எதுக்கு?” என்றார் அழகர்.

“இந்தப் படத்தப் பாத்து யாருக்குக் கோவம் வரும்? கொழும்புக்காரனுக்கு வருமா? வெளிநாட்டுக்காரனுக்கு வருமா? ஒங்களுக்குத்தான் வரும். கோவம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

அழகர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். “மேல ஓடி வருவோம்.”

“அதுக்குத்தான்.”

ஜெயலெட்சுமி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். ஜீவராணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை. காலையில் தான் சொன்னதெல்லாம் அவளுக்கே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

“அவன் போன் செத்துக் கிடக்கு, கம்பனிக்காரர்தான் பிடுங்கி வச்சிருக்கணும். உச்சி வெயில்ல காலுக்குக் கம்பளி போத்தியிருக்கான். காலுக்கு ஏதோ ஆயிருக்கு, நடக்க முடியாது. அப்படின்னா தூரத்துல இல்ல.” அவள் சாம்பலைக் கிளறினாள். எரியாமல் மிஞ்சிய ஒரு பலகைத் துண்டு வெளியே வந்தது. ஒரு பாதி வெள்ளைச் சுண்ணாம்பு, மறு பாதி தார். “சுத்தி இவ்வளவு காஞ்ச மிலாறு கெடக்கு. லயத்துப் பையன் இத விட்டுட்டுப் பலகைய எரிப்பானா?”

ராசம்மா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். “இது பழைய மடுவத்துப் பலகை!”

“மடுவம்னா?” என்றான் முன்ஸிப்.

“கொழுந்து நிறுக்கிற கொட்டகை. கீழ் ரோட்டுல புதுசு கட்டுன பிறகு இங்க இருக்கிறத யாரும் தெறக்கிறதில்ல.”

அடுத்த நிமிடம் இருபது பேரும் ஓடினார்கள். 

மடுவம் மலையின் மறுபக்கத்தில், ஒரு பழைய வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இருந்தது. வாசலில் வெள்ளை ஜீப் நின்றது. தயாபரன் ஓர் இளைஞனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தபடி இருந்தது.

கூட்டத்தைக் கண்டதும் கையை விட்டுவிட்டார். ரஜீவ் தரையில் விழுந்து கத்தினான்.

“ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறேன்!” என்றார் தயாபரன். “தானா விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். நான் உதவிதான் செஞ்சேன்!”

“எட்டு நாளா ஆம்புலன்ஸுக்குக் கை காட்டிக்கிட்டு இருந்தீங்களா சார்?” என்றான் முன்ஸிப். ஜீப்புக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, த்ரீவீலர் சாவியை வைத்திருந்தவனிடம் நீட்டினான். “இதையும் வச்சுக்கங்க அண்ணே. ஒங்க மடிக்குத்தான் பொருத்தம்.”

“தோட்டத்துக்குள்ள என் மேல கை வச்சா ஒருத்தருக்கும் வேலை இருக்காது!”

அவர்கள் கை வைக்கவில்லை. சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். இருபது கவ்வாத்துக் கத்திகள் கீழ்நோக்கித் தொங்கின. தயாபரன் ஜீப்பின் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

ஜெயலெட்சுமி தம்பியின் தலையை மடியில் எடுத்திருந்தாள். அழகர் அவன் முன்னால் குந்தினார். குரல் இன்னும் கடுமையாகத்தான் இருந்தது.

“எங்க சாமிய வச்சு வெளையாடியிருக்க.”

“மொதல்ல கும்பிட்டுட்டேன் ஐயா. ரெண்டு தடவ.” ரஜீவின் உதடு வெடித்திருந்தது. “காலையில வந்தீங்கல்ல? சத்தம் கேட்டுச்சு. கத்துனேன். காத்துல போயிருச்சு.”

“வந்தோம். பாத்தோம். போயிட்டோம்.”

“பாத்தீங்களா?” அவன் எழ முயன்றான். “அப்ப எல்லாரையும் வெளிய எடுத்துட்டீங்களா?”

“யார எடுக்க?”

“வெடிப்பப் பாக்கலையா?”

“என்னடா வெடிப்பு?”

அதுவரை கண் கலங்காதவன் அப்போதுதான் அழுதான். வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. “கூடாரம் போடுற எடத்துக்குப் பத்தடி மேல. மிலாறு மூடிக் கெடக்கு. நான் போன புதன்கிழமை அதுக்குள்ளதான் காலை விட்டேன். இடுப்பு வரைக்கும் எறங்குச்சு. மலை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் பொளந்திருக்கு. இந்த எடத்துக்குப் பூச்சியம்தான் போடணும், உடனே ஒங்க லயத்துக்குச் சொல்லணும்னு சார்கிட்டச் சொன்னேன். போனைப் பிடுங்கி இதுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. படத்துக்குச் சிரிச்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னாரு. சிரிச்சேன். என்னக் காப்பாத்தணும்னு இல்ல ஐயா. நீங்க மலைக்கு வந்தா வெடிப்பப் பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஜீவராணி தயாபரனைப் பார்த்தாள். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “சின்ன விரிசல்,” என்று முணுமுணுத்தார். “சீசன் முடிய அறிவிக்கலாம்னுதான்…”

அழகர் அதைக் கேட்க நிற்கவில்லை. வந்த வழியே ஓடினார். ஜீவராணியும் பின்னால் ஓடினாள். தட்டையான இடத்துக்கு மேலே, மிலாறைக் கத்தியால் வாரி எறிந்தார். கீழே மண் கறுப்பாக வாய் பிளந்திருந்தது. அவர் படுத்துக் கையை உள்ளே விட்டார். தோள் வரை போயிற்று. இன்னும் பத்தடி தள்ளி வாரினார். அங்கேயும் அதுதான். காலையில் இருபது பேரும் கோபத்தோடு அதைத் தாண்டித்தான் போயிருந்தார்கள்.

விளிம்புக்கு நேர் கீழே, நானூறு அடி ஆழத்தில், நாலு வரிசைத் தகரக் கூரை தெரிந்தது. பத்தாம் நம்பர் லயம். நாற்பது வீடு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் நேரம். மே மாதத்து மேகம் ஹப்புத்தளைப் பக்கத்தில் கறுத்து நின்றது. ஜீவராணியின் கையில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

“போன்ல சொல்லுங்க, லயத்துல யாருக்காவது!”

“கீழ சிக்னல் எடுக்காது,” என்றார் அழகர். கத்தியைக் கீழே போட்டார். அன்று முழுக்க அவர் அதைக் கீழே போட்டது அப்போதுதான். விளிம்பில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

“பத்தாம் நம்பர்! புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க! சாமான எடுக்காதீங்க! வெளிய வாங்க!”

குரல் சரிவில் இறங்கிப் போயிற்று. பிறகு கீழேயிருந்து எரிச்சலோடு ஒரு குரல் ஏறி வந்தது.

“யார்றா அது, மேல நின்னு ஊளையிடுறது?”

“ஒன் அப்பன்டா! அழகர் கங்காணி! மலை வெடிச்சிருக்கு!”

அவருக்குப் பின்னால் ராசம்மாவும் வந்து சேர்ந்து கத்தத் தொடங்கினாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இருபது தொண்டைகள். முன்ஸிப் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அவனும் கத்தினான்.

மழை கனத்தது. ஜீவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

வரிசையின் கடைசி வீட்டில் ஒரு கதவு திறந்தது.